தூதரகம் கிடையாது, தொழிற்சாலை உண்டு

1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவும் கையுமாக இருந்தார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெசோன்தான் அவர். அந்த மாதம் 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் ஓர் எரிநட்சத்திரம் மலைப்பக்கமாக நகர்ந்து போனதைக் கண்டதாக ப்ரெசோன் சொன்னது ஆசிரமத்துக்கு வந்து போகிற பலருக்கும் தெரிந்த கதை. அவர் அதற்கு முன் எங்கே இருந்தார் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. 1948 டிசம்பரில் சீனாவுக்குப் போனவர், 1949ல் பல மாதங்கள் அங்கேயே இருந்து குவோமின்டாங் ஆட்சி கவிழ்வதைப் படம் பிடித்தார். கையிலிருக்கும் காகிதப் பணம் செல்லாக்காசாகும் முன் தங்கமாக மாற்றிவிட வேண்டும் என்று ஷாங்காய் வங்கி வாசலில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி நின்ற கூட்டம் அவர் எடுத்த படங்களில் மிகவும் பேசப்பட்டது. அந்த ஆட்சிதான் 1949 டிசம்பரில் மூட்டை முடிச்சுகளோடு தைவான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

1949 டிசம்பர் 30 அன்று மாவோவின் அரசை இந்தியா அங்கீகரித்தது. 1950 ஏப்ரல் 1 அன்று பீக்கிங்கோடு தூதரக உறவு தொடங்கியது. அதாவது ரமணர் மறைவதற்குச் சரியாகப் பதின்மூன்று நாள் முன்பு. அதற்குப் பிறகு இன்றுவரை தைவானோடு இந்தியாவுக்குத் தூதரக உறவு கிடையாது. தூதர் இல்லை, கொடி இல்லை, பிரதமர் போய் இறங்குவதில்லை. 75 ஆண்டுகள் ஓடிவிட்டன.

உறவு இல்லையா என்றால், அதுவும் இல்லை! திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும். ரமணாசிரமத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், செய்யாறு சிப்காட் இருக்கிறது. மாங்கால் கூட்டுச்சாலையில் காலை நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வந்தவாசி, ஆரணி, செய்யாறு சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து வருகிறவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்வது தைவானின் ஃபெங் டாய் குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் ஆலையில். தைக்கிற காலணி அமெரிக்காவின் நைக்கி நிறுவனத்துடையது. 2000களின் நடுவிலேயே இங்கு வந்துவிட்ட கம்பெனி இது. டெல்லி பெயர் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு நாட்டுக்கும் செய்யாற்றுக்கும் கிட்டத்தட்ட இருபது வருடப் பழக்கம்.

டெல்லியின் கூச்சத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம், வேடிக்கையாக இருக்கும். தைபேயில் இந்தியாவுக்கு ஓர் அலுவலகம் உண்டு, 1995 முதல். அதன் பெயர் இந்தியா-தைபே சங்கம். நாட்டின் பெயர் இல்லை, தலைநகரின் பெயர் மட்டும். டெல்லியில் அவர்களுடைய அலுவலகம் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம். சென்னையிலும் 2012ல் ஒன்று திறந்தார்கள். சங்கம், மையம் என்று கேட்டால் ஏதோ மனமகிழ் மன்றம் போலத் தோன்றும். உள்ளே நடப்பது விசா, வர்த்தகம், முதலீடு எல்லாம்தான். 2018 ஜூலையில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா, தன் இணையப் பக்கத்தில் தைவான் என்ற பெயரை எடுத்துவிட்டு 'சீன தைபே' என்று மாற்றியது. காரணம் சீனாவின் அழுத்தம். 2024 ஜனவரியில் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவுக்கு இந்திய அரசு பத்மபூஷண் அறிவித்தது. அந்தப் பட்டியலில் அவருடைய ஊர் என்ன என்று பாருங்கள்: தைவான். டிக்கெட் வாங்குகிறவருக்கு ஒரு பெயர், ஐபோன் செய்து தருகிறவருக்கு இன்னொரு பெயர்.

இதைச் சாணக்கியத்தனம் என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். சீனாவோடு எல்லை இருக்கிறது, கல்வான் நடந்திருக்கிறது, அந்த நாட்டோடு வர்த்தகம் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேல். தைவானோடு நடப்பதோ 1,000 கோடி டாலர் அளவு. சின்னதற்காகப் பெரியதைப் பகைத்துக்கொள்வார்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தைவானை நாடாக அங்கீகரிப்பதா வேண்டாமா என்ற வழக்கை இங்கே திறக்கவே வேண்டியதில்லை. அது டெல்லி, பெய்ஜிங், தைபே மூன்றும் பார்த்துக்கொள்ள வேண்டிய தலைவலி. உலகிலேயே ஒரு டஜன் நாடுகள்தான் தைவானை அங்கீகரித்திருக்கின்றன. செய்யாற்றுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெயர் சொல்லாத இந்த உறவில் யாருக்கு மட்டும் எழுத்தில் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது?

பட்டியல் போட்டால் கதை தெளிவாகும். 2002ல் இரு தரப்பும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018ல் அதைப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டன. 2011ல் இரட்டை வரி விதிப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தம். ஒரே லாபத்துக்கு இரண்டு அரசும் வரி வாங்கிவிடக் கூடாதல்லவா! இவற்றில் கையெழுத்துப் போட்டது யார்? தூதர்களா, வெளியுறவு அமைச்சர்களா? இல்லை. மேலே சொன்ன அதே சங்கமும் மையமும்தான். அங்கீகாரம் இல்லை, கொடி இல்லை, ஆனால் மூலதனம் பத்திரமாக வந்து போக எல்லா ஏற்பாடும் முறையாக எழுதப்பட்டிருக்கிறது. பணத்துக்கு நாட்டின் பெயர் தேவைப்படவில்லை.

தொழிலாளிக்கு? 2024 பிப்ரவரியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. இந்தியத் தொழிலாளர்கள் தைவானுக்கு வேலைக்குப் போவது பற்றியது. தைவானில் பிறப்பு விகிதம் சரிந்து கிடக்கிறது, ஆலைக்கும் வயலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் இல்லை. அதனால் ஆள் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் அங்கே என்ன நடந்தது தெரியுமா? தைவானின் தொழிலாளர் அமைச்சர், முதலில் வடகிழக்கு இந்தியர்களை எடுக்கலாம், அவர்களுடைய தோல் நிறமும் சாப்பாடும் நம்முடையதைப் போலத்தான், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்கிற மாதிரிப் பேசினார். கண்டனம் கிளம்பியது. மார்ச்சில் மன்னிப்புக் கேட்டார். அசிங்கமான பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே போகப்போகும் இந்தியரைப் பற்றி ஒரு தாள் இருந்தது, அதைப் பற்றிப் பொதுவில் விவாதம் நடந்தது, ஓர் அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கேயே இருந்துகொண்டு தைவான் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பல்லாயிரம் பேரைப் பற்றி அப்படி ஒரு தாள் கூட இரு தரப்புக்கும் இடையில் இல்லை.

உள்நாட்டுச் சட்டம் இருக்கிறதே, தொழிலாளர் துறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் சாட்சி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்கிற விஷயமெல்லாம் அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சாலையை மறித்த பிறகு! ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில் திரும்பத் திறந்தது. அந்த ஆலையை ஆப்பிள் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. விடுதிகளைச் சீர்செய்யும் வேலை அதற்குப் பிறகு நடந்தது. அதாவது சென்னைக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் கெட்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்க, கலிபோர்னியாவில் இருக்கிற கம்பெனி வர வேண்டியிருந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2020 டிசம்பரில், கோலார் நரசாபுராவில் இன்னொரு தைவான் நிறுவனமான விஸ்ட்ரானின் ஆலையில் சம்பளப் பிரச்சினை கலவரமாகவே வெடித்தது. அப்போதும் இதே கதைதான், ஆப்பிள் வந்துதான் விசாரித்தது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இன்னொன்றை வெளிக்கொண்டு வந்தது. திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி மறுத்தது. பத்மபூஷண் அறிவித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

தைவான் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 1971ல் ஐ.நா. சபையில் சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குப் போனது. இந்தியாவும் அதற்கு ஆதரவாகத்தான் வாக்களித்தது. அதிலிருந்து தைவான் ஐ.நா.வில் இல்லை. ஆகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் இல்லை. பணக்கார நாடுகளின் சங்கமான பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. ஜப்பான் கம்பெனியோ கொரியா கம்பெனியோ ஜெர்மன் கம்பெனியோ இங்கே தொழிலாளியை மோசமாக நடத்தினால், அந்த நாட்டு அரசிலேயே புகார் வாங்குவதற்கென்று ஒரு தொடர்பு அலுவலகம் இருக்கும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, பல் இல்லாத அலுவலகம்தான். ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது, தொழிற்சங்கம் போய்த் தட்டலாம். தைவான் கம்பெனிக்கு அந்தக் கதவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற வாங்குபவன் மனது வைத்தால் உண்டு. இதுதான் பெயர் இல்லாத உறவின் நிஜமான விலை. அதைக் கொடுப்பது டெல்லி அல்ல, கன்வேயர் முன்னால் நிற்கிற பெண்.

வேலை கிடைக்கிறதே, அதைச் சொல்ல மாட்டீர்களா என்று ஒரு குரல் கேட்கும். சொல்லத்தான் வேண்டும். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் மழையை நம்பிய விவசாயம், ஆரணிப் பக்கம் தறி. இதைவிட்டால் பெண்களுக்கு நூறு நாள் வேலை. அந்த இடத்தில் மாதாமாதம் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு என்பதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. கல்யாணத்தைச் சில வருடம் தள்ளிப்போட முடிந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆலையே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஆனால் இந்தக் கம்பெனிகள் இங்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1970, 80களில் காலணி உற்பத்தியில் தைவான்தான் ராஜா. 1987ல் அங்கே 38 ஆண்டு ராணுவச் சட்டம் நீங்கியது. சங்கங்கள் தலைதூக்கின, கூலி உயர்ந்தது, நாணயத்தின் மதிப்பும் ஏறியது. ஆலைகள் சீனாவுக்குப் போயின, இந்தோனேசியாவுக்கும் வியட்நாமுக்கும் போயின. சீனாவில் கூலி ஏறியதும் அடுத்த இடம் தேடின. இங்கே வந்தன. இங்கேயும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். அதனால்தான் இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியதும் அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் சில வாரங்களில் நின்றுபோனது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சலுகை கொடுத்துக் கூட்டி வரப்பட்ட கம்பெனிக்குப் போகும்போது யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று. அந்த நோக்கியாவுக்கு 2005ல் தமிழக அரசு கொடுத்த வரிச் சலுகைகளின் விவரமே பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது.

இங்கேதான் ரமணாசிரமம் பகுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். செங்கம் சாலையிலும் அதன் பின்னால் உள்ள தெருக்களிலும் கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் வெளிநாட்டவர் கூட்டம். வீட்டின் மாடியில் ஓர் அறையை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவர் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகப் போகிறார், எல்லாம் எழுத வேண்டும். கண்ணை மூடி உட்கார வந்தவரைப் பற்றி அரசுக்கு இவ்வளவு தெரிந்தாக வேண்டும். தவறில்லை, சட்டம் அப்படி. ஆனால் அதே மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான கோடிகளோடு வருகிற கம்பெனியைப் பற்றி மக்களுக்கு என்ன தெரிகிறது? 2023 ஏப்ரலில் பௌ சென் குழுமம், 2,302 கோடி ரூபாய், 20,000 வேலை, உளுந்தூர்பேட்டை. 2024 நவம்பரில் ஹாங் ஃபூ, 1,500 கோடி ரூபாய், 25,000 வேலை, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம். தொகை, வேலை எண்ணிக்கை, ஊர்ப்பெயர். செய்திக்குறிப்பு அவ்வளவுதான். கூடவே ஒரு புகைப்படம். நிலம் என்ன விலைக்கு, மின்சாரத்தில் என்ன தள்ளுபடி, எத்தனை வருடம் இருப்பதாக வாக்குறுதி, வேலை கொடுக்கத் தவறினால் என்ன என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்காது. இந்தப் பேரத்தை டெல்லி செய்யவில்லை, சென்னை செய்கிறது. ஆந்திராவும் கர்நாடகாவும் தெலங்கானாவும் அதே கம்பெனியின் வாசலில் நிற்பதால் சென்னையின் பேரம் பேசும் பலமும் அவ்வளவுதான். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியதும், எதிர்ப்பு கிளம்பி மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்ததும் இந்தப் போட்டியின் சூட்டில்தான்.

நிலத்தின் கதையும் இதே மாவட்டத்தில் நடந்தது. செய்யாறு சிப்காட்டின் மூன்றாவது விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டம். 2023 ஜூலையில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டிப் போனது. நவம்பரில் 20 பேர் கைது. அவர்களில் 7 பேர் மீது குண்டர் சட்டம். நெல் போடுகிறவன் குண்டன்! தமிழ்நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு 6 பேர் மீதான உத்தரவை அதே மாதம் விலக்கிக்கொண்டார்கள். அந்த நிலம் தைவான் கம்பெனிகளுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யார் வந்தாலும் கொடுப்பதற்குத்தான். ஆனால் வருகிறவர் யார், எந்த நிபந்தனையில் வருகிறார் என்று தெரியாமலே வயலைக் கொடு என்று கேட்டால் எந்த விவசாயி கொடுப்பான்?

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு டெல்லியே உதாரணம் வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கோடும் இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்தது. 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 15 ஆண்டில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் வேலை என்ற இலக்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் பற்றி ஒரு தனி அத்தியாயமும் உண்டு. அதை மீறினால் வழக்காடும் வழி கிடையாது என்ற குறை இருக்கிறது, இருந்தாலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், படித்துவிட்டுத் திட்டவும் செய்யலாம்.

அது நாடுகளுக்கிடையே நடந்தது, தைவான் அப்படி அல்லவே என்று இந்த இடத்தில் தப்பிக்கப் பார்ப்பார்கள். முதலீட்டாளருக்காக 2002லும் 2018லும், வரிக்காக 2011லும், ஆள் அனுப்ப 2024லும் இதே சங்கமும் மையமும் கையெழுத்துப் போட்டபோது இந்தச் சந்தேகம் வரவில்லை. நாலு தாளில் போட்ட கையெழுத்தை ஐந்தாவது தாளிலும் போட பெய்ஜிங்கின் அனுமதி வேண்டியதில்லை. அந்தத் தாளில் என்ன வேண்டும் என்பதும் பெரிய ரகசியம் இல்லை. இங்குள்ள தைவான் ஆலைத் தொழிலாளி புகார் கொடுக்க இரு தரப்புக்கும் பொதுவான ஓர் இடம். விடுதிகளைச் சங்கப் பிரதிநிதியோடு சேர்ந்து பார்வையிடும் உரிமை. மாநில அரசோடு போடும் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் வெளியிடும் கட்டாயம். ஆலையை மூடினால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்பது. தைவான் தன்னை ஜனநாயக நாடு என்று உலகத்திடம் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்ளத் தகுதியும் இருக்கிறது. அப்படியானால் செய்யாற்றில் இதை மறுக்க அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? கேட்டுப் பார்த்தால்தானே தெரியும். கேட்க வேண்டியவர்கள் டெல்லிக்காரர்கள். கேட்கச் சொல்ல வேண்டியவர்கள் ஆரணியிலும் திருவண்ணாமலையிலும் ஓட்டு வாங்கிப் போன நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

உளுந்தூர்பேட்டைக்கும் பனப்பாக்கத்துக்கும் அறிவித்த கணக்குப்படி மட்டும் 45,000 பேர் வேலைக்கு எடுக்கப்பட வேண்டும். சென்னையில் தைபே மையத்தின் அலுவலகம் 2012 முதல் இருக்கிறது. தைவானுக்குப் போக விசா வேண்டுமானால் அங்கே போகலாம், மாண்டரின் படிக்க உதவித்தொகை வேண்டுமானாலும், தைவானில் வியாபாரம் செய்ய வேண்டுமானாலும் போகலாம். மாங்கால் கூட்டுச்சாலையிலிருந்து ஒரு பெண் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனால், அதை வாங்கிப் பார்க்கும் வேலையை அந்த அலுவலகத்துக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை.